மூன்றாம் நம்பர் பொடி

1. ஒரு கேள்வி

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்கள். பெங்களூரில் எங்கள் ஜியாலஜி ஆபீஸில் மாதம் ஒருமுறை, சனிக்கிழமை மத்தியானம், மியூசியம் ஹாலில் கூட்டம் போடுவார்கள். ஆபீஸர்கள் வெளியூர் போய்ப் பார்த்துவந்த மலையையும் கல்லையும் பற்றி எழுதிப் படிப்பார்கள். காலேஜ் வாத்தியார்களும் வந்து உட்காருவார்கள். நான் கதவோரம் நிற்பேன். கல்லை அரைத்துக் கண்ணாடியில் ஒட்டி நான் செய்த ஸ்லைடைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். வாயைத் திறக்கிற வேலை எனக்கு இல்லை. இருந்திருந்தால் அந்த உத்தியோகத்துக்கே போயிருக்க மாட்டேன்.

அன்றைக்குப் படித்தவர் வரதராஜன் ஸார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய தாத்தா காலத்திலேயே சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். நகரத்துக்குக் கிழக்கே ஒரு குன்றிலிருந்து அவர் கொண்டுவந்த வெளுப்புக் கல்லில் குருந்தமணிகள் இருப்பதாகச் சொன்னார். குருந்தம் வைரத்துக்கு அடுத்தபடி கெட்டியான கல். சாணை பிடிக்கிறவன் அரக்கோடு சேர்த்துச் சக்கரம் செய்வது அதன் பொடியில்தான். குருந்தம் கிடைத்தது மட்டும் பெரிய செய்தி இல்லை. சமஸ்தானத்தில் வேறு இடங்களிலும் கிடைக்கிறது. ஆனால் இந்த வெளுப்புக் கல்லில் பாதிக்கு மேல் குவார்ட்ஸ், ஊரில் வெங்கச்சங்கல் என்கிறார்களே, அது. குவார்ட்ஸும் குருந்தமும் ஒரே கல்லில் சேர்ந்து பிறக்காது என்பது புத்தகத்து விதி. வரதராஜன் ஸார் காட்டிய ஐந்து ஸ்லைடுகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்பே சேதி பேப்பரில் வந்துவிட்டது. எங்கள் மெக்கானிக் அருளப்பா கண்டோன்மென்ட்டிலிருந்து சைக்கிளில் வரும்போதே ஒரு பேப்பர் வாங்கி வந்தான்.

"இன்னா வேலு, மாமியாளும் மருமவளும் ஒரே அடுப்புல சமைக்கிறாங்களாமே உன் கல்லுல! பேப்பர்காரனே எழுதிட்டான். உன் பேரைத்தான் போடல, பாவம்."

"என் பேரு எதுக்குப்பா?"

"அட, அரைச்சது நீதானே? கண்டுபுடிச்சவருக்கு மாலை, அரைச்சவனுக்குச் சேறா?"

பேர் வராதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் படித்து முடிந்ததும் கை தட்டினார்கள். பிறகு காலேஜிலிருந்து வந்த ஒரு வயதான வாத்தியார் எழுந்து இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஸ்லைடு அரைக்க என்ன பொடி உபயோகித்தீர்கள்?"

வரதராஜன் ஸார் சிரித்தார். "குருந்தப் பொடிதான். ஆனால் எங்கள் வேலு கழுவுகிற மாதிரி ஆஸ்பத்திரியில்கூடக் கழுவ மாட்டார்கள்" என்றார். ஹாலே சிரித்தது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கதவைப் பார்த்தேன். கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். மைசூர்ப் பக்கத்துக்காரர். என்னிடம் கன்னடத்தில்தான் பேசுவார்.

"அந்தக் குன்றிலே குருந்தம் தேடிக் குழி தோண்ட ஆள் அனுப்பணும்னு உத்தரவு டைப் ஆகி என் மேஜைமேலே இருக்கு. அடுத்த திங்கட்கிழமை கையெழுத்துப் போடணும். உன் ஸ்லைடு சுத்தம்தானா? அந்த மணி உன் பொடி இல்லையே?"

"அலம்பினேன் ஸார்."

"அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. ஒன்பது நாள் தர்றேன். குருந்தமே படாமல் அதே கல்லிலே ஸ்லைடு செய்து காட்டு. மணி இருந்தால் நல்லது. இல்லாட்டா, அந்தப் பொடியாலே நீ அரைச்ச எதையும் நான் எப்படி நம்பறது? அலமாரியைப் பூட்டி எல்லாத்தையும் தள்ளிட வேண்டியதுதான்."

அந்த அலமாரியில் பதினோரு டிராயர். அத்தனையும் என் கையால் அரைத்த ஸ்லைடுகள். என்னைப் போன்றவன் உலகத்தில் விட்டுப்போவதற்கு வேறு எதுவும் கிடையாது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு நடந்தேன். என் ஸ்லைடு சுத்தம், அதை நான் நிரூபித்தே தீருவேன்.

2. பொடி வந்த கதை

இந்த மேஜைக்கு இனி வரப்போகிறவர்களுக்காக வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கல்லை அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் உள்ளே போகாது. அதனால் ஒரு சில்லை உடைத்து, ஒரு பக்கத்தை இரும்புத் தட்டில் பொடியும் தண்ணீரும் போட்டுச் சமமாக அரைத்து, ஒட்டின பொடி போக அலம்ப வேண்டும். அந்தத் தட்டை நாங்கள் லேப் என்போம். பிறகு சில்லைக் கண்ணாடித் துண்டில் பால்சம் என்கிற பிசினைச் சூடாக்கி ஒட்டி, மறுபக்கத்தை அரைத்துக்கொண்டே போக வேண்டும். தலைமயிரைவிடச் சன்னமாகிறவரை. அந்த நிலையில் கருங்கல்லும் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடும். சரியான சன்னம் வந்ததா என்று குவார்ட்ஸ்தான் சொல்லும். மைக்ராஸ்கோப்பில் மேலும் கீழும் உள்ள நிக்கோல் என்கிற, வெளிச்சத்தை வடிகட்டும் இரண்டு கண்ணாடிகளையும் குறுக்காக வைத்தால், தடிமனான குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரியும். சன்னமான குவார்ட்ஸ் வெளிர் சாம்பலாகிவிடும். அதற்கு மேல் நாலு தேய்ப்புத் தேய்த்தால் கல்லே காணாமல் போய்விடும். கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் இந்த வேலை.

யுத்தத்துக்கு முன்பு அரைக்கிற பொடி சீமையிலிருந்து டின்னில் வரும். கார்பொரண்டம் என்று பெயர். அது தொழிற்சாலையில் செய்கிற பொருள், பூமியில் கிடைக்காது. ஸ்லைடில் ஒன்றிரண்டு தங்கினாலும் ஆபீஸர் கண்டு சிரித்துவிட்டுப் போய்விடுவார். யுத்தம் வந்ததும் டின் வருவது நின்றது. லேப் சும்மா கிடந்தது. அப்போது நான்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல் ஒரு யோசனை சொன்னேன். நம் ஊர்க் குருந்தக்கல்லையே இடித்தால் என்ன என்று. வரதராஜன் ஸாரிடம் சொன்னேன். அவர் டைரக்டரிடம் சொன்னார்.

குருந்தத்தை இரும்பு உரலில் இடித்து, பானைத் தண்ணீரில் போட்டுக் கலக்குவேன். அரை நிமிஷம் விட்டால் பெரிய மணி அடியில் நிற்கும். அது முதல் நம்பர். மேல்தண்ணீரை அடுத்த பானைக்கு மாற்றி மூன்று நிமிஷம் விட்டால் இரண்டாம் நம்பர். அதற்கடுத்த பானையில் கால் மணி நேரம் நின்று படிவது மூன்றாம் நம்பர். கடைசியாக மாவு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்வேன். ஒவ்வொரு நம்பரிலும் மணிகள் எல்லாம் ஒரே அளவாக வரும். வரதராஜன் ஸார் ஒரு தடவை என் மூன்றாம் நம்பரை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, "என்னப்பா இது, பத்தர் முத்துக் கோத்த மாதிரி வெச்சிருக்கே!" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. டைரக்டரே வந்து பானைகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆக, சந்தேகப்பட்டது என் கழுவலை மட்டும் இல்லை. என் யோசனையையும்தான்.

3. முனுசாமியின் கல்

திங்கட்கிழமை காலையில் முதல் சங்கடம் தெரிந்தது. குருந்தம் வேண்டாம் என்றால் எதால் அரைப்பது? சீமை டின்னில் சுரண்டியும் ஒரு சிட்டிகை தேறவில்லை.

"மணலைச் சலிச்சுப் போடேன்" என்றான் அருளப்பா.

"கல்லுலயே குவார்ட்ஸ் இருக்கு. மணலும் அதேதான். அப்புறம் இந்த மணி யாரோடதுன்னு மறுபடியும் கேப்பாங்க."

"பாட்டிலை ஒடச்சு அரைச்சுக்கோ."

"கண்ணாடிப் பொடியும் கல்லுல உள்ள ஓட்டையில போய் உக்காரும். பொடின்னு ஒண்ணே இருக்கக் கூடாது அருளப்பா."

"பொடி இல்லாம அரைக்கிறதா? பல்லால கடிச்சுத் துப்பப் போறியா?"

அவன் பேச்சுக்காகச் சொன்னது. ஆனால் பொடி இல்லாமல் தேய்கிற ஒரு தொழில் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் ஒக்கலிபுரத்தில் எங்கள் சந்து முனையில் கடை வைத்திருந்த பார்பர் முனுசாமியிடம் போனேன். கத்தி தீட்டுகிற கல் வேண்டும், ஒரு வாரம், என்றேன். அந்தக் கல் பலப்பம் மாதிரி வழவழப்பு. தண்ணீர் மட்டும் போதும். அதிலிருந்து துகள் உதிர்ந்தாலும் மைக்ராஸ்கோப்பில் வெறும் தூசியாகத்தான் தெரியும்.

"கத்தி எங்கண்ணா?"

"கத்தி இல்ல. ஒரு கல்லைத் தேய்க்கணும்."

"கல்லைத் தேய்க்கக் கல்லா? எந்தத் தலைக்கு வேலண்ணா?" கடையில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஆள்கூடச் சிரித்தான். "நீ தேய்ச்சிக் குழி பண்ணிக் குடுத்துட்டா, நாளைக்கு என் கத்தி ஒருத்தன் தாடையில ரத்தம் எடுக்கும். அவன் உன்னைக் கேப்பானா, என்னைக் கேப்பானா?"

நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். போகவும் இல்லை. அவன் இன்னொருவருக்கு முடி வெட்டி முடிக்கிறவரை அப்படியே நின்றேன். கடைசியில் பெஞ்சுக்கு அடியில் கை விட்டு, இரண்டாக உடைந்த பழைய கல்லில் ஒரு பாதியை எடுத்துக் கொடுத்தான்.

"இத்தை வெச்சுக்கோ. திருப்பித் தராட்டியும் போவட்டும். இப்படி வாசல்ல நின்னா கிராக்கி பயப்படறான்."

குருந்தம் பட்ட எதுவும் கிட்டே வரக்கூடாது என்பதால் என் அறையில் வேலை செய்யவில்லை. மியூசியத்தின் பின்கட்டில், குழாயடியில், புதுச் சட்டி, புதுத் துணி, புதுப் பிரஷ். சில்லைச் சக்கரத்தில் அறுக்காமல் சுத்தியலால் தட்டி எடுத்தேன். தேய்க்கத் தொடங்கினேன். லேப்பில் கால் மணியில் ஆகிற வேலை, பார்பர் கல்லில் ஒரு பகல் பிடித்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சில் பாதியில் நொறுங்கிக் கையோடு வந்துவிட்டது. அந்தக் கல் வெயிலிலும் மழையிலும் கிடந்து உள்ளே ஓட்டை ஓட்டையாகிப் போன கல்.

இந்த மாதிரிக் கல்லுக்கு ஒரு முறை இருக்கிறது. அரைப்பதற்கு முன்பே பால்சத்தில் போட்டுக் கொதிக்கவைத்து, கல் நொறுங்காமலும் பொடி உள்ளே போகாமலும் ஓட்டைகளை எல்லாம் பிசினால் அடைத்துவிட வேண்டும். புதன்கிழமை அப்படித்தான் செய்தேன். அடுப்பில் பால்சம் நுரைத்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வரதராஜன் ஸாரின் ஐந்து ஸ்லைடுகளுக்கும் நான் இதைச் செய்யவில்லை. பால்சமும் சீமைச் சரக்கு. அதுவும் வருவது நின்றிருந்தது. லேப்பில் வேகமாக அரைத்தால் நொறுங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று என் கைத்திறமையை நம்பி, பிசினை மிச்சம் பிடித்தேன். யாரும் என்னிடம் மிச்சம் பிடிக்கச் சொல்லவில்லை.

ஆனாலும் கழுவினேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தேய்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் வலது கை விரல் நுனிகளில் தோல் போய்விட்டது. வீட்டில் ரசம் சாதம் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டேன்.

"எப்போலேருந்து துரை ஆனீங்க?" என்றாள் என் மனைவி. பிறகு கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவளே பிசைந்து கொடுத்தாள்.

4. இல்லாத மணிகள்

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்லைடு முடிந்தது. மைக்ராஸ்கோப் அறைச் சாவி அருளப்பாவிடம் இருக்கும். திறந்துவிட்டு அவனும் என் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

குவார்ட்ஸ் வெளிர் சாம்பல். அந்த அளவுக்கு என் கை பொய் சொல்லவில்லை. ஸ்லைடை இடமிருந்து வலம், வலமிருந்து இடம், வயல் உழுகிற மாதிரி வரிசை வரிசையாக நகர்த்திப் பார்த்தேன். ஓட்டைகள் இருந்தன. ஓட்டைகளில் பால்சம் இருந்தது. குருந்தம் ஒரு மணிகூட இல்லை.

பழைய ஸ்லைடு ஒன்றை வைத்தேன். மணிகள் இருந்தன. இத்தனை நாள் நான் அரைத்துக் கொடுத்தேனே ஒழிய உட்கார்ந்து பார்த்தவன் இல்லை. பார்ப்பது ஆபீஸர் வேலை. அன்று பார்த்தேன். மணிகள் எல்லாம் ஓட்டையின் ஓரத்திலோ உள்ளேயோதான் இருந்தன. ஒன்றுகூடக் குவார்ட்ஸின் உடம்புக்குள் பதிந்து இல்லை. அதைவிட இன்னொன்று. கல்லுக்குள் பிறந்த மணி என்றால் பெரிசும் சிறிசுமாகத்தான் இருக்கும். ஒரு வயிற்றுப் பிள்ளைகளே ஒரே உயரத்தில் இருப்பதில்லை. இவை எல்லாம் ஒரே அளவு.

அந்த அளவு எனக்குத் தெரியும். என் அறைக்குப் போய் மூன்றாவது பானையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வந்து, கண்ணாடியில் ஒட்டி, அருகில் வைத்துப் பார்த்தேன். பத்தர் கோத்த முத்து.

"இன்னாப்பா, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

"என் பொடி, அருளப்பா. மூணாம் நம்பர்."

அவனும் குனிந்து பார்த்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"த பாரு. ஒரு சில்லுல இல்லன்னா குன்னு முழுக்க இல்லன்னு ஆயிடுமா? அடுத்த சில்லுல இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்."

"அப்போ வாயை மூடு. தேய்க்கும்போது ஒடஞ்சிடுச்சின்னு சொல்லு. வெரலைக் காட்டு, நம்புவாங்க. வரதராஜன் ஸாரும் தப்பிச்சாரு, நீயும் தப்பிச்சே. அவுங்க போய்க் குழி தோண்டிப் பாத்துக்கட்டும். கெடைக்கலன்னா பூமி மேல பழி. பூமி உன்னை மாதிரி அழப்போவுதா?"

அவன் கெட்டவன் இல்லை. எனக்காகத்தான் சொன்னான். அவன் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருந்தது. ஒரே ஸ்லைடை வைத்து ஒரு குன்றைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்த நியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும், குன்றின் வேறு வேறு இடத்துச் சில்லுகளில் இன்னும் இரண்டு ஸ்லைடு தேய்த்தேன். சரியான சன்னம் வரவில்லை, கொஞ்சம் தடிமன்தான். குவார்ட்ஸ் மஞ்சளாகவே நின்றது. ஆனால் குருந்தம் இருந்தால் தெரியாமல் போகிற தடிமன் இல்லை. இல்லை. இரண்டிலும் இல்லை.

என்னை நிரபராதி என்று காட்டத்தான் விரல் தேய்த்தேன். ஆறு நாள் தேய்த்து நானே என் குற்றத்தைக் கையில் எடுத்தேன். அழுக்கு ஸ்லைடைச் சுத்தம் என்று சொல்லி அலமாரியைக் காப்பாற்றினால், அப்புறம் அந்த அலமாரியில் காப்பாற்ற என்ன இருக்கிறது? இதை யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. சொல்லுகிற தைரியத்துக்குத்தான் ஞாயிறு பூராவும் ஆயிற்று.

5. இரண்டு அறைகள்

டைரக்டரிடம் போவதற்கு முன்பு வரதராஜன் ஸாரிடம் போனேன். திங்கட்கிழமை காலை, அவர் கோட்டைக் கழற்றிக்கூட மாட்டவில்லை.

"ஆச்சா வேலு? மணி இருக்கோல்லியோ?"

"இல்ல ஸார்."

"சில்லு தப்பா எடுத்திருப்பே."

"மூணு சில்லு ஸார். மூணுலயும் இல்ல. பழைய ஸ்லைடுல இருக்கிறது என் மூணாம் நம்பர்."

அவர் முகம் சிவந்தது. "பொடி எது, கல்லு எதுன்னு நோக்கு யார் சொல்லிக் குடுத்தா? ரெண்டு மாசம் நான் கண் பூத்துப்போறமாதிரி பாத்திருக்கேன். நீ ஒரு மத்தியானத்துல பாத்துட்டியா?"

நான் கொண்டுவந்த ஐந்து கண்ணாடிகளையும் அவர் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். அவருடைய ஸ்லைடு, என் பொடி, புதிய ஸ்லைடுகள் மூன்று. பிறகு சொன்னேன்.

"அளவைப் பாருங்க ஸார். அளவை மட்டும் பாருங்க."

பார்த்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். எழுந்தபோது கோபம் போயிருந்தது. அதற்குப் பதில் இருந்தது எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

"எல்லாம் ஒரே சைஸ்" என்றார். "இருக்கணும்னு நெனச்சுண்டு பாத்தேன். அதனால எண்ணிண்டே இருந்தேன், அளக்கவே இல்ல." பிறகு, "ஏம்ப்பா, இந்தக் கல்லை நீ பால்சத்துல கொதிக்கவெக்கலியா?"

"வெக்கல ஸார். மிச்சம் புடிச்சேன். என் தப்பு."

"நான் கேக்கலியே. அது என் தப்பு." கோட்டை மறுபடி சரிசெய்துகொண்டார். "வா. ரெண்டு பேருமாப் போலாம்."

டைரக்டர் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். உத்தரவுக் காகிதத்தை இரண்டாக மடித்து டிராயரில் போட்டார். வரதராஜன் ஸாரிடம், "பேப்பர்காரனுக்கு நீங்களே எழுதிப்போடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ அலமாரி?"

வரதராஜன் ஸார் எனக்காகப் பேச வாயெடுத்தார். டைரக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "அவன் சொல்லட்டும்."

நான் அந்த அறையில் அதுவரை ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. அன்று பேசியது இது. என் அரைகுறைக் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன்.

"எல்லாம் அழுக்கு இல்ல ஸார். டின்னுப் பொடியில அரைச்ச எட்டு டிராயருக்கு இந்தக் கேள்வியே வராது. மீதி மூணு டிராயர்லயும் கெட்டிக் கல்லுல பொடி ஒட்டாது. ஓட்டை விட்ட கல்லு, வெடிச்ச கல்லு, இதுலதான் ஒட்டும். எது அழுக்குன்னு என்னால சொல்ல முடியும். இப்ப அந்த மணியை எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணாப் பாத்து எழுதித் தர்றேன். பூட்டாதீங்க ஸார்."

"தொள்ளாயிரம் ஸ்லைடு இருக்குமேப்பா அந்த மூணிலே?"

"இருக்கும் ஸார்."

"ஒவ்வொண்ணாவா?"

"ஒவ்வொண்ணா."

6. சிவப்புப் புள்ளி

நாலு மாதம் ஆயிற்று. காலையில் லேப்பில் வழக்கமான வேலை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பாதியும், சாயங்காலம் ஒரு மணி நேரமும் மைக்ராஸ்கோப். மூன்றாம் நம்பர் மணி கண்ட ஸ்லைடின் லேபிளில் ஓரமாகச் சிவப்பு மசியால் ஒரு புள்ளி வைப்பேன். நோட்டில் எந்த இடத்தில் எத்தனை மணி என்று எழுதுவேன். அருளப்பா எட்டிப் பார்த்து, "பொட்டு வெச்சு வெச்சுக் கல்யாணமே பண்ணிடுவே போல" என்பான். ஆனால் விளக்கின் திரியைத் தினமும் கத்தரித்துத் துடைத்து வைத்தது அவன்தான்.

பேப்பரில் வரதராஜன் ஸாரின் மறுப்பு வந்தது. கண்டுபிடித்த செய்தி வந்த பக்கத்தில் இல்லை. உள்ளே, ஒரு தைல விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி. காலேஜ் வாத்தியாருக்கு அவர் தனியாகவும் கடிதம் எழுதினார்.

கடைசி டிராயரில் நான் பயந்துகொண்டிருந்த ஸ்லைடு ஒன்று இருந்தது. கார்னெட் என்கிற செம்மணி உள்ள கல். அந்த நிக்கோல் கண்ணாடிகளைக் குறுக்காக வைத்தால் கார்னெட் மட்டும் மை மாதிரி முழுக் கறுப்பாகிவிடும். அது அதன் குணம். இந்த ஸ்லைடில் அந்தக் கறுப்பு வட்டத்தின் நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும். யார் ஆபீஸுக்கு வந்தாலும் டைரக்டர் இதைத்தான் முதலில் காட்டுவார். ராத்திரி வானத்தில் ஒரு நட்சத்திரம் என்பார். நான் அரைத்ததிலேயே அழகான ஸ்லைடு என்று எனக்கும் நினைப்பு.

கிட்டே போய்ப் பார்த்தேன். கார்னெட்டில் ஒரு சன்ன வெடிப்பு. வெடிப்பில் அந்த மணி. அளந்தேன். மறுபடியும் அளந்தேன். மசியில் பேனாவைத் தோய்த்து, புள்ளி வைத்து, டைரக்டரிடம் கொண்டுபோய் நோட்டோடு கொடுத்தேன். அவர் லேபிளைப் பார்த்தார். ஸ்லைடை அவரே வைத்துக்கொண்டார். இனி யாருக்கும் காட்ட மாட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் வெளியூரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். என்னை மைக்ராஸ்கோப் அறைக்குக் கூப்பிட்டார்கள். டைரக்டர் அதே ஸ்லைடை எடுத்து வைத்தார். ஒருவர் குனிந்து பார்த்து, அடடா என்றார். பிறகு லேபிளைப் பார்த்து, இந்தச் சிவப்புப் புள்ளி என்ன என்று கேட்டார்.

டைரக்டர் நகர்ந்து எனக்கு வழி விட்டார். "அரைச்சவன் இவன்தான். வேலு, நீ சொல்லு."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை நான் பார்ப்பதற்குக் கதவு எதிரில் இல்லை, முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"அந்த நட்சத்திரம் கல்லுல பொறந்தது இல்ல ஸார்" என்றேன். "நான் அரைச்ச பொடி. கறுப்பு மட்டும்தான் கல்லோடது."

கேட்டவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மறுபடியும் குனிந்து, முதல் தடவையைவிட அதிக நேரம் பார்த்தார். மற்ற மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று பார்த்தார்கள்.

இதில் நான் கற்றது கொஞ்சம்தான். எவ்வளவு கழுவினாலும் செய்கிறவன் கை, செய்த பொருளில் எங்கேயாவது ஒட்டிக்கொள்ளும். ஒட்டவே ஒட்டாது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க என்னால் ஆகாது. எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்ட ஆகும். அதை நம்பித்தான் அலமாரி இன்றுவரை திறந்திருக்கிறது. புள்ளி வைத்தவை அதில் ஐம்பத்திரண்டு. இந்த மேஜைக்கு வருகிறவர்கள் என் புள்ளிகளை அழித்துவிட வேண்டாம். நான் தவறவிட்டது கண்ணில் பட்டால், தயங்காமல் நீங்களும் ஒன்று வையுங்கள்.